சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம்: அம்மா அப்பாவை எங்கே படுக்க வைப்பது?

9 பிப்ரவரி 2024, ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, அப்பாவும் அம்மாவும் முதன்முறையாகப் பெர்த்துக்கு வருகிறார்கள். திருச்சியில் ஏறி இரவு பத்து மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். அடுத்த விமானம் மறுநாள் காலை ஏழு மணிக்கு. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஹோட்டல் எடுத்தால் வெளியே போக வேண்டுமா? சிங்கப்பூர் விசா எடுக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து சமாளித்துக்கொள்கிறோம் என்கிறார் அப்பா. சாங்கி விமான நிலையத்தில் படுக்க இடம் உண்டா?

9 பிப்ரவரி 2024, இரவு

ஹோட்டல் இருக்கட்டும், முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். திருச்சி–சிங்கப்பூர், சிங்கப்பூர்–பெர்த் இரண்டும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கின்றனவா? இருந்தால் திருச்சியிலேயே பெட்டிக்குப் பெர்த் வரைக்கும் சீட்டு ஒட்டிவிடுவார்கள். சிங்கப்பூரில் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, குடிநுழைவை (இமிக்ரேஷன்) தாண்ட வேண்டியதில்லை, விசாவும் வேண்டாம். இரவு முழுக்க, விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியிலேயே இருக்கலாம். ஹோட்டலும் இலவசச் சாய்விருக்கையும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன.

தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. முதல் விமானத்தில் போட்ட பெட்டி சிங்கப்பூர் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டியாக வேண்டும், தாண்ட அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் திருச்சி கவுன்ட்டரிலேயே ஏற்ற மறுக்கக்கூடும். எங்கே படுப்பது என்ற கேள்விக்கு முக்கால் பங்கு பதில், குடிநுழைவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் அடங்கிவிடுகிறது. மெத்தையும் தலையணையும் மீதிக் கால் பங்கு.

10 பிப்ரவரி 2024, காலை

ஒரே பதிவுதான் என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். நிம்மதி.

அப்படியானால் முதல் முனையத்தின் டிரான்சிட் பகுதியில் இருக்கும் ஏரோடெல்லைப் பாருங்கள். ஆறு மணி நேரக் கணக்கில் அறை தருவார்கள், எனவே முழு நாள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் அறை இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டு பெரியவர்களும் கைப்பையோடு திரும்பி நடக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, பொதுவா என்று பார்த்து எடுங்கள். இரவில் இரண்டு தடவை எழுந்திருக்கும் வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

விமானம் எந்த முனையத்தில் வந்து நிற்கும் என்பதையும் பாருங்கள். 1, 2, 3 ஆகிய முனையங்களுக்கு இடையே ஸ்கைட்ரெயின் ஓடுகிறது, நடந்தும் போகலாம். நான்காவது முனையம் தனியே இருக்கிறது, அதற்குப் பஸ்தான்.

10 பிப்ரவரி 2024, மதியம்

விட்டுப்போன ஒன்று. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். போர்டிங் பாஸில் இருப்பது உள்ளூர் நேரம். அப்பா கையில் இந்திய நேரம் காட்டும் கடிகாரம் இருந்தால் காலை ஏழு மணி விமானம் கிளம்பும்போது அதில் நாலரை காட்டும். இறங்கியவுடன் கடிகாரத்தை மாற்றச் சொல்லுங்கள். பெர்த்தும் அதே நேரம்தான், மறுபடி மாற்ற வேண்டியதில்லை.

12 பிப்ரவரி 2024

"ஒரு ராத்திரிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? சாங்கியில் கம்பளம் விரித்த தரை இருக்கிறது, நான் எத்தனையோ தடவை படுத்திருக்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் படுத்திருக்கிறேன், தோள்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. இருபத்தைந்து வயதில் அது ஒரு குறையே இல்லை. அந்தத் தரையில் என் அம்மாவை உட்கார வைத்து, பிறகு எழுப்பியும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முழங்கால் தேய்ந்தவருக்குத் தரையில் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் தண்டனை.

அந்த இரவு கடைசியில் அம்மாவை ஸ்னூஸ் லவுஞ்ச் என்று எழுதியிருக்கும் பகுதிக்கு அழைத்துப் போனேன். வரிசையாகச் சாய்விருக்கைகள், மங்கலான வெளிச்சம், கட்டணம் எதுவும் இல்லை. அம்மா முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார், ஆனால் குளிர் அந்த ரெக்ஸின் இருக்கைக்கு அடியிலிருந்தும் ஏறியது. என் துப்பட்டாவை நான்காக மடித்து முதுகுக்குக் கீழே கொடுத்தேன். செருப்பைக் கழற்றியபோது காலில் வார் அழுந்திய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது, அவ்வளவு வீக்கம். மூன்று மணிவாக்கில் தரை துடைக்கும் இயந்திரம் எங்கள் வரிசை ஓரமாகவே ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்த அம்மையார் அம்மாவைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே சாய்விருக்கை நல்ல இடம்தான். ஆனால் காலுறை, கம்பளி, ஒரு பழைய பருத்திப் புடவை, இந்த மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் அவை பெர்த்தில்தான் கிடைக்கும்.

12 பிப்ரவரி 2024, இரவு

மறுபடி யோசித்ததில், எல்லாப் பெரியவர்களுக்கும் அறைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிலருக்குச் சன்னல் இல்லாத அறையில் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. வெளியே எழுதியிருப்பது படிக்கத் தெரியாத இடத்தில் பூட்டிய கதவுக்குள், யார் எழுப்புவார்கள் என்ற கவலையிலேயே விடிய விடிய விழித்திருப்பார்கள். உங்கள் அப்பா அப்படிப்பட்டவரா என்று அம்மாவிடம் கேளுங்கள், அப்பாவிடம் கேட்டால் உண்மை வராது. அப்படியென்றால் சாய்விருக்கையே மேல், ஆள் நடமாட்டம் தெரியும். நடுநடுவே எழுந்து, கால் பிடித்துவிடும் இலவச இயந்திரங்களில் சிறிது நேரம் உட்காரலாம்.

எந்த ஏற்பாடானாலும் விமான நிலைய அறிவிப்பை நம்பித் தூங்க வேண்டாம். இரண்டு கைப்பேசியிலும் அலாரம் வைக்க வேண்டும்.

13 பிப்ரவரி 2024

கேட் பற்றி. சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட் வாசலிலும் நடக்கிறது. குடிநீர் பாட்டிலை அங்கே காலி செய்ய வேண்டும். உள்ளே காத்திருக்கும் அறைகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: கழிப்பறை முதலில், கேட் பிறகு.

சாப்பாடு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டிக் கொடுக்கலாம். மிச்சத்தைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கையில் இருக்கும் உணவுப் பொருளை அட்டையில் குறிப்பிட்டாக வேண்டும், மறைத்தால் அபராதம் கடுமை.

15 பிப்ரவரி 2024

கோவையிலிருந்து ஒருவர்: "நாங்கள் ஏற்கெனவே இரண்டு தனி டிக்கெட் வாங்கிவிட்டோம், மெல்பர்ன் போகிறோம், என்ன செய்வது?"

பதறாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம் செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசா இருந்து, இந்தியாவுக்கும் மூன்றாவது நாடு ஒன்றுக்கும் இடையே போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினால், 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் வசதி இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து விசாவுக்கும் இது பொருந்தும். உறுதி செய்த அடுத்த டிக்கெட் கையில் வேண்டும், சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டி நிரப்பியிருக்க வேண்டும். உள்ளே விடுவது கவுன்ட்டர் அதிகாரியின் முடிவு. ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, அதனால் விசா வழங்கிய கடிதத்தை அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கவுன்ட்டர் முன்னால் சார்ஜ் இல்லாமல் நிற்கும் நிலை வேண்டாம்.

வெளியே வந்துவிட்டால் இரண்டு ஹோட்டல்கள்: மூன்றாம் முனையத்தை ஒட்டிக் கிரௌன் பிளாசா, விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கடைத்தொகுதிக்குள் யோட்டல்ஏர். யோட்டல்ஏர் மணிக் கணக்கிலும் அறை தரும். ஜுவலின் 40 மீட்டர் உட்புற அருவியையும் பார்த்துவிடலாம், ஆனால் நள்ளிரவில் அது விழாது, இரவு சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள்.

16 பிப்ரவரி 2024

இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. தனித்தனி டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டாடும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. புது டிக்கெட், புது இரவு, எல்லாம் உங்கள் செலவு. இளைஞர் ஒருவர் தனியாகப் போகும்போது இந்தத் துணிச்சல் இருக்கட்டும். மகன் வீட்டுக்கு முதல் தடவை புறப்படும் பெற்றோருக்கு இப்படி டிக்கெட் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அவர்கள் யாரிடம் போய் வாதாடுவார்கள்?

20 பிப்ரவரி 2024

கோலாலம்பூர் வழி பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் முப்பது நாள் போகலாம். இந்த ஒரு மாற்றம் இரவுத் தங்கலை எவ்வளவு எளிதாக்கிவிட்டது! எம்.டி.ஏ.சி. என்ற மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பிவிட்டால் போதும், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நிம்மதியாகப் படுக்கலாம். தனி டிக்கெட்காரர்களுக்கு இப்போதைக்குச் சிங்கப்பூரைவிட இதுதான் தோது.

அங்கே முனையங்கள் இரண்டு. திருச்சியிலிருந்து ஏர்ஏஷியாவில் போனால் இரண்டாம் முனையம், பாத்திக் ஏரில் போனால் முதல் முனையம். இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை ரயில் இல்லை. அந்த நேரத்தில் பஸ் அல்லது டாக்சி. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுகிறவர்கள், எந்தக் கட்டடத்தில் தூங்குவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். என் யோசனை: காலையில் விமானம் ஏறும் கட்டடத்தில் தூங்குங்கள். இரவில் சோர்வோடு இடம் மாறலாம், காலையில் பதற்றத்தோடு மாறக் கூடாது.

இரண்டாம் முனையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் கேப்ஸ்யூல் டிரான்சிட் இருக்கிறது. மூன்று, ஆறு, பன்னிரண்டு மணி நேரம் என்று எடுக்கலாம். பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு, குளியலறை பொது. ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே மெத்தை, விளக்கு, மின்செருகி, வாயில் ஒரு திரை. மாமியாரோடு போனபோது எங்களுக்குக் கிடைத்தது மேல்தட்டு. குறுகலான ஏணி, கைப்பிடிக் கம்பி வழுக்கியது. வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டதும் கீழ்த்தட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். பதிவு செய்யும்போதே "கீழ்த்தட்டு வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

வெளியே வராமல் உள்ளேயே தங்க நினைப்பவர்களுக்குச் சாமா சாமா எக்ஸ்பிரஸ். இரண்டு முனையங்களிலும் டிரான்சிட் பகுதியில் இருக்கிறது. முதல் முனையத்தில் இருப்பது தனியாக நிற்கும் துணைக் கட்டடத்தில். அங்கே போக ஓடிய ஏரோட்ரெயின் 2023 மார்ச்சிலிருந்து நிற்கிறது, பஸ்ஸில்தான் அழைத்துப் போகிறார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

21 பிப்ரவரி 2024

"தொழுகை அறையில் கம்பளம் இருக்கிறது, அமைதியாக இருக்கிறது, அங்கே படுக்கலாம்" என்ற ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். அது வழிபாட்டுக்கு விட்ட இடம். விடியற்காலையில் தொழ வருகிறவர் நம் கால்களைத் தாண்டி நிற்க நேர்வது சரியில்லை.

4 மார்ச் 2024

சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்திருக்கிறார் தம்பி. சரியான முடிவு. கூடவே ஒன்று: உதவியாளர்கள் பயணிகளை அழைத்துவந்து ஒரு காத்திருப்பு இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த விமான நேரத்துக்குத்தான் திரும்பி வருவார்கள். ஹோட்டல் பதிவு செய்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்: "எங்களுக்கு ஏரோடெல்லில் அறை இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விடுங்கள். காலை இத்தனை மணிக்கு வந்து அழைத்துச் செல்லுங்கள்." கீழே உங்கள் பெர்த் எண். அதைச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள், பைக்குள் வேண்டாம்.

2 ஏப்ரல் 2024

வந்து சேர்ந்துவிட்டார்கள்! தம்பி எழுதியிருப்பதைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. அந்தத் தாள் வேலை செய்திருக்கிறது. அம்மா நாலு மணி நேரம் நன்றாகத் தூங்கினாராம். அப்பா அறையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து, விமானங்கள் போவதையும் வருவதையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிப்ரவரி 12 இரவு நான் எழுதிய வகையைச் சேர்ந்தவர் போலும். பெர்த் வந்ததும் பகல் முழுக்கத் தூங்கட்டும், விடுங்கள்.

19 ஆகஸ்ட் 2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி, ஐரோப்பா வழியாகக் கனடா போவது பற்றிக் கேட்டிருக்கிறார். இது முக்கியம், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எல்லோரும் படியுங்கள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெறுமனே விமானம் மாறுவதற்கே விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கும் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியாகும் கனடா விசாவோ நிரந்தரவாசி அட்டையோ இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு டிரான்சிட் பகுதிக்குள் இருப்பதற்கு மட்டும், வெளியே போய் ஹோட்டலில் படுப்பதற்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிராங்க்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானப் போக்குவரத்துக்குத் தடை, 2011லிருந்து. மாலையில் வரும் விமானம் தாமதமாகி இரவு விமானம் தவறிவிட்டால் விடியும்வரை வேறு வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்பட வேண்டிய விமானம் ரத்தாகி இரவு தங்க நேர்ந்தால், ஹோட்டல் தருவது விமான நிறுவனத்தின் கடமை, 261/2004 விதி அப்படிச் சொல்கிறது. நகரத்து ஹோட்டலுக்குச் சீட்டுக் கொடுத்தாலும் நம் கடவுச்சீட்டோடு வாசலைத் தாண்ட முடியாதே! அப்போது முதல் முனையத்தின் டிரான்சிட் பகுதியில் இருக்கும் மை கிளவுட் ஹோட்டலைக் கேளுங்கள். "விசா இல்லை, உள்ளேயே இடம் கொடுங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

20 ஆகஸ்ட் 2024

இந்தியாவிலும் உரிமை இருக்கிறது, நம் ஆட்கள் கேட்பதில்லை. இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் தர வேண்டும் என்கிறது, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. ஒரு தடவை கவுன்ட்டரில் "பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். விதியைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அரை மணியில் வேன் வந்தது, எனக்குப் பின்னால் நின்ற குடும்பங்களுக்கும் சேர்த்து.

வளைகுடா வழியாகப் போகிறவர்கள் டிராவல்ஸில் எஸ்.டி.பி.சி. உண்டா என்று கேளுங்கள். அடுத்த விமானத்துக்கு நெடுநேரம் காக்க வைத்தால் நிறுவனமே ஹோட்டல் கொடுக்கும் ஏற்பாடு அது. எமிரேட்ஸ் இதைத் துபாய் கனெக்ட் என்கிறது. தகுதி இருந்தால் பயணத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

8 ஜனவரி 2025

மலேசியாவின் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போன பிப்ரவரி 20 குறிப்பில் உள்ளது அப்படியே பொருந்தும். வருகை அட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

11 மார்ச் 2025

தோஹாவில் நள்ளிரவு இடைநிறுத்தம், பணம் செலவழிக்க வழியில்லை, என்ன செய்ய என்று ஒரு தம்பி. ஊருக்குத் திரும்பும் தொழிலாளி. ஹமாத் விமான நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைதி அறைகள் இலவசமாக இருக்கின்றன, உள்ளே சாய்விருக்கைகள். விமானங்கள் குவியும் நேரம் நள்ளிரவுதான், அதனால் இறங்கியதும் நேரே அங்கே போங்கள். அந்தப் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மையைப் படம் எடுப்பது பிறகு. இடம் கிடைத்தால் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, கடவுச்சீட்டைச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டு தூங்குங்கள். அங்கே கடைகள் பளபளக்கலாம், உங்கள் தூக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை.

3 ஜூலை 2025

கோலாலம்பூர் ஏரோட்ரெயின் ஜூலை 1 முதல் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் முனையத்தின் துணைக் கட்டடத்துச் சாமா சாமாவுக்குப் போகிறவர்கள் இனி பஸ் வரிசையில் நிற்க வேண்டாம்.

5 ஜூலை 2025

சென்னையை ஏன் யாரும் எழுதவில்லை என்று கேட்டவருக்கு. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள், ரயிலில் வருகிறவர்களில் பலர் தாம்பரத்தில். அதிகாலை இரண்டு மணிக்கு இறங்கி, விமானம் பகல் பதினொன்றுக்கு என்றால் முனையத்துக்குள் அவ்வளவு முன்னதாக விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டில் நேரத்தைப் பார்ப்பார்.

எழும்பூர் வரையோ சென்ட்ரல் வரையோ ரயில் டிக்கெட் இருந்தால் அங்கே ரயில்வே ஓய்வறையை அதே பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு பதிவு செய்யலாம். குளித்துவிட்டு, விடிந்ததும் மெட்ரோவில் விமான நிலையம். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் வந்தால் திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். பெரிய பெட்டியோடு படிக்கட்டு சிரமம். அம்மா அப்பா கூட இருந்தால் மெட்ரோவே.